யாருக்கு முதலில் நெஞ்சு வலிக்கும்?

பழைய தமிழ்ப் படங்களில் மாரடைப்பு பணக்காரர்களுக்குத்தான் வரும். மில் முதலாளி டெலிபோனை எடுப்பார், எதிர்முனையில் நஷ்டச் செய்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்வார். அவருடைய தோட்டக்காரருக்கு அப்படி வந்து எந்தப் படத்திலும் பார்த்த நினைவில்லை. பெரிய பதவி, பெரிய கவலை, பெரிய வியாதி என்ற கணக்கு இது. சினிமாக்காரர்கள் மட்டும் போட்ட கணக்கும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவர்களில் பலரும் இதையே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்தவை நான்கு ஜோடிக் குரங்குகள்.

அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிரேடி என்ற உளவியலாளர் அந்தக் குரங்குகளை இரண்டிரண்டாக நாற்காலியில் கட்டி உட்கார வைத்தார். இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் மின்னதிர்ச்சி வரும். முதல் குரங்கின் முன்னால் ஒரு லீவர் இருக்கும். இருபது நொடிக்குள் அதை ஒரு முறை அழுத்திவிட்டால் இரண்டும் தப்பித்துக்கொள்ளும். அழுத்தத் தவறினால் இரண்டுக்கும் அடி விழும். இரண்டாவது குரங்கின் முன்னாலும் லீவர் உண்டு, ஆனால் அது ஒப்புக்கு வைத்தது. ஆறு மணி நேரம் இப்படி, அடுத்த ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி ஆறு மணி நேரம். வாரங்கள் போகப் போக, லீவர் வைத்திருந்த குரங்குகள் குடல் புண் வந்து செத்தன. கூட உட்கார்ந்திருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தவற்றுக்கு ‘நிர்வாகிக் குரங்கு’ என்று பிரேடி பெயர் வைத்தார். 1958-இல் இந்த ஆய்வு ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வந்தது. முடிவெடுக்கும் அதிகாரமே ஆளைக் கொல்கிறது என்று படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். எந்தக் கம்பெனித் தலைவருக்குத்தான் அது கசக்கும்?

ஆய்வில் ஒரு ஓட்டை இருந்தது. எந்தக் குரங்குக்கு லீவர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. முன்னோட்டத்தில் எது வேகமாக, அடிக்கடி லீவரை அழுத்தியதோ அதையே நிர்வாகியாக்கினார்கள். ஏற்கெனவே பதற்றத்துடன் இருந்த குரங்குகளுக்குப் பதவி கொடுத்துவிட்டு, பதவியால்தான் புண் வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டே எட்டு விலங்குகளை வைத்து இதை இவ்வளவு காலம் நம்பியது இன்று ஆச்சரியமாக இருக்கிறது.

சுமார் பத்து ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்ற ஆய்வாளர் இதையே எலிகளிடம் ஒழுங்காகச் செய்து பார்த்தார். எந்த எலிக்கு என்ன வேடம் என்பது குலுக்கலில் முடிவானது. ஒரு எலி சிறு சக்கரத்தைத் திருப்பினால் வாலில் பாயும் மின்சாரம் நிற்கும். பக்கத்துக் கூண்டு எலிக்கும் அதே மின்சாரம்தான், அதே நொடியில் தொடங்கி அதே நொடியில் நிற்கும். ஆனால் அதன் சக்கரத்துக்கு எந்த வேலையும் இல்லை. முடிவு தலைகீழாக வந்தது: வயிற்றுப் புண் அதிகம் வந்தது கையாலாகாமல் உட்கார்ந்திருந்த எலிக்கு. வைஸ் இன்னொன்றையும் பார்த்தார். அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு ஒலி கேட்டால், அதைத் தடுக்க முடியாவிட்டாலும், எலிக்குப் புண் குறைந்தது. ஒலி கேட்காத நேரமெல்லாம் நிம்மதி என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அடியின் அளவு மாறவில்லை. அடி எப்போது வரும் என்று தெரிகிறதா, அதை நிறுத்த ஒரு வழி இருக்கிறதா என்ற இரண்டு மட்டுமே மாறின. (மனிதர்களின் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியா காரணம் என்பது 1980-களில்தான் தெரியவந்தது. அது இந்த எலிக் கணக்கைப் பொய்யாக்கிவிடவில்லை.)

மனிதர்களிடம் இதன் சாயலில் நடந்த ஒரு ஆய்வை நான் விரும்பிச் சொல்வதுண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்துக் கணக்குகளைக் கொடுத்தார்கள். பின்னணியில் சகிக்க முடியாத இரைச்சல்: இரண்டு பேர் ஸ்பானிஷ் பேசுவது, ஒருவர் ஆர்மீனிய மொழி பேசுவது, சைக்ளோஸ்டைல் மெஷின், கணக்குப் போடும் மெஷின், டைப்ரைட்டர் எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவு செய்த நாடா. அந்தக் காலத்து அலுவலகம் ஒன்றை முழுசாகக் காதுக்குள் இறக்கியது போல. சிலருக்கு மட்டும் ஒரு பட்டனைக் காட்டி, “பொறுக்க முடியாவிட்டால் இதை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது” என்று சொல்லி வைத்தார்கள். அவர்கள் அதைத் தொடவே இல்லை. இரண்டு கூட்டத்தாரும் கேட்டது ஒரே இரைச்சல். சத்தம் ஓய்ந்த பிறகு பிழை திருத்தும் வேலையும் விடை கிடைக்காத புதிர்களும் கொடுத்தபோது வித்தியாசம் தெரிந்தது. பட்டன் பக்கத்தில் இருந்தவர்கள் பிழைகளை நன்றாகப் பிடித்தார்கள், புதிரோடு நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள். பட்டன் இல்லாதவர்கள் சீக்கிரம் கையை விரித்துவிட்டார்கள். யாரும் அழுத்தாத ஒரு பட்டன் செய்த வேலை இது.

ஆய்வுக்கூடத்து நிலவரம் இப்படி. ஆபீஸில், இருபது முப்பது வருஷ உத்தியோகத்தில் என்ன நடக்கிறது?

லண்டனில் பிரிட்டிஷ் அமைச்சகங்கள் வரிசையாக நிற்கும் தெரு வொயிட்ஹால். 1967 முதல் அங்கே பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களைப் பரிசோதித்து, பிறகு யார் எதனால் இறக்கிறார்கள் என்று தொடர்ந்து குறித்து வந்தார்கள். இந்த வேலைக்கு அரசு ஊழியர்களை விடப் பொருத்தமான கூட்டம் கிடைக்காது. எல்லோருக்கும் நிலையான வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம், காசு கேட்காத தேசிய மருத்துவம். யாரும் பட்டினி கிடப்பவரில்லை, சுரங்கத்தில் இறங்குபவரில்லை. யாருக்கு மேலே யார் என்பதிலும் சந்தேகம் கிடையாது. படி படியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். உதவிப் பிரிவு அலுவலர், பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று ஏறும் நம் கோட்டையின் ஏணியும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் 1978-இல் வெளியிட்ட கணக்கில், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளை விடக் கடைசிப் படியில் இருந்தவர்களுக்கு 3.6 மடங்கு அதிகம். கோப்புச் சுமந்தவர்கள், வாசலில் நின்றவர்கள், நம் ஊர்ப் பேச்சில் பியூன்கள். சினிமா முதலாளியின் நெஞ்சு வலி தோட்டக்காரருக்கு வந்திருக்கிறது.

அவர்கள் பீடி சிகரெட் அதிகம் பிடிப்பார்கள், அதனால்தான் என்று உடனே தோன்றும். கடைநிலை ஊழியர்கள் அதிகம் புகைத்தது உண்மை. அவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சற்று அதிகம், உடற்பயிற்சி குறைவு. இவை எல்லாவற்றையும், கூடவே கொலஸ்ட்ராலையும், கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். அப்படியும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

இந்த ஆய்வில் எனக்கு மிக விசித்திரமாகப் படுவது உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரம் அல்ல. உச்சிக்கு அடுத்த படியில் இருந்தவர்களின் நிலைதான். நல்ல சம்பளம், சொந்த வீடு, கோட் சூட், தனக்குக் கீழே ஆட்கள். இவர்களும் தங்களுக்கு மேலே இருந்தவர்களை விட அதிகமாக இறந்தார்கள். வறுமையை வைத்து இதை விளக்க முடியாது. படிக்குப் படி குறைந்துகொண்டே போகும் வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அதைத் தேடித்தான் 1985-இல் இரண்டாவது வொயிட்ஹால் ஆய்வு தொடங்கியது. இருபது துறைகள், 10,308 ஊழியர்கள், இம்முறை மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதற்குள் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1979-இல் ஒரு எளிய யோசனையை முன்வைத்திருந்தார். வேலையின் பளுவை மட்டும் அளக்காதீர்கள், அந்த வேலையில் ஆளுக்கு உள்ள பிடியையும் சேர்த்து அளந்து பாருங்கள் என்றார். பளுவும் அதிகம், பிடியும் அதிகம் என்றால் ஆள் களைத்துப் போவார், ஆனால் கெட்டுப் போகமாட்டார். பளு அதிகமாக இருந்து பிடி இல்லாவிட்டால்தான் வினை. வரிசை ஓடும் வேகத்துக்குக் கை ஓட வேண்டிய தொழிற்சாலைத் தொழிலாளி, கேஷ் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர், டெலிபோன் ஆபரேட்டர், ஹோட்டல் சர்வர் எல்லோரும் இந்த வகை.

வொயிட்ஹால்காரர்களிடம் கேட்ட கேள்விகள் மிகச் சாதாரணமானவை. வேலையை எப்படிச் செய்வது என்று நீங்களே தீர்மானிக்க இடம் உண்டா? உங்கள் வேலையைப் பற்றிய முடிவுகளை வேறு யாரோ எடுக்கிறார்களா? எப்போது எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்பதையாவது நீங்கள் முடிவு செய்ய முடியுமா? இந்த ரீதியில்தான். புலம்புகிறவர் எல்லாவற்றுக்கும் புலம்புவார் என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், துறையின் பணியாளர் பிரிவு மேலாளர்களிடமும் ஒவ்வொரு வேலையையும் தனியாக மதிப்பிடச் சொன்னார்கள். சுமார் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1997-இல் வந்த முடிவு: இரண்டு முறை கேட்டபோதும் ‘பிடி இல்லை’ என்று பதிவானவர்களுக்குப் புதிதாக இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பணியாளர் மேலாளர்களின் மதிப்பீடும் அதே பக்கம்தான் காட்டியது. வேலைப் பளுவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை.

‘டென்ஷன்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது உடம்புக்குள் ஒரு பழைய ஏற்பாடு. ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும், சற்றுப் பொறுத்து கார்டிசாலையும் ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகம் பிடிக்கிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியே அனுப்புகிறது, காயம் பட்டால் ரத்தம் உடனே உறையத் தயாராகிறது. ஓடித் தப்பிக்க வேண்டிய கால்மணி நேரத்துக்கு இது அற்புதமான ஏற்பாடு. காலாண்டு டார்கெட்டுக்கு ஏற்றதல்ல. ஓடாத ஆளின் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, மிஞ்சியது இடுப்பைச் சுற்றிச் சேர்கிறது. வேலையில் நீண்ட நாள் நெருக்கடி அனுபவித்த வொயிட்ஹால் ஊழியர்களிடம், தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு எல்லாம் கூட்டாக வரும் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டது.

ரத்த அழுத்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. பகலில், அலுவலகத்தில், உயர் அதிகாரிக்கும் எழுத்தருக்கும் ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறியிருந்தது. வித்தியாசம் வீட்டுக்குப் போன பிறகுதான். அதிகாரியின் அழுத்தம் நன்றாக இறங்கியது, கீழ்ப்படி ஊழியரின் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கவில்லை. பெரியவர்களுக்கு டென்ஷன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுடைய டென்ஷன் ஆபீஸிலேயே தங்கிவிடுகிறது.

இடையில் மாட்டிக்கொண்டவர்களின் கதை தனி. மேலிருந்து டார்கெட் வரும், கீழிருந்து முணுமுணுப்பு வரும். ஆளைச் சேர்க்கவோ நாளைத் தள்ளவோ கையெழுத்துப் போடும் உரிமை இருக்காது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பிரேடியின் குரங்குகளை வைஸ் பிறகு இப்படித்தான் விளங்கிக்கொண்டார்: லீவர் இருந்தது, ஆனால் அழுத்தியது பலித்ததா என்று சொல்ல எந்தக் குறிப்பும் இல்லை. அதனால் அழுத்திக்கொண்டே இருந்தன. பொறுப்பை மட்டும் கொடுத்துத் தகவலைக் கொடுக்காத பதவி அது. நம் டீம் லீடர்கள் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்லாப் பழியையும் மேனேஜர் தலையில் கட்டும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வொயிட்ஹாலின் கீழ்ப்படி ஊழியர்கள் உயரத்திலும் சற்றுக் குறைந்தவர்கள். ஆளின் உயரம் ஆபீஸில் சேருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. குழந்தைப் பருவத்துச் சாப்பாடும் நோயும் அதில் எழுதியிருக்கும். ஆகவே சிலர் பாதிக்கப்பட்ட உடம்போடுதான் வேலைக்கே வந்திருக்கிறார்கள். தவிர, 2012-இல் ‘லான்செட்’ இதழ் ஐரோப்பாவின் பதின்மூன்று நீண்டகால ஆய்வுகளை, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த முடிவை வெளியிட்டது. பளு அதிகம், பிடி குறைவு என்ற வகை வேலையால் இதய நோய் வாய்ப்பு 23 சதவீதம்தான் கூடுகிறது. இரண்டு மடங்கு என்றதைவிட இது வெகுவாகக் குறைவு. சிகரெட்டின் தீங்கோடு இதை ஒப்பிடவே முடியாது. வேலை நேரத்துக்கும் தனிப் பங்கு உண்டு. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதால் 2016-இல் உலகில் சுமார் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதய நோயிலும் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து போட்ட மதிப்பீடு. பிடி இருக்கிறது என்பதற்காக வாரம் எழுபது மணி நேரம் உழைக்கலாம் என்று பேசும் தொழிலதிபர்கள் இதையும் படிக்கலாம்.

அதிகாரம் இருக்கும் இடமெல்லாம் கீழே இருப்பவர் நோயாளியாகத்தான் வேண்டுமா? கென்யாவின் மாசாய் மாரா பகுதியில் 1978 முதல் பபூன் குரங்குகளைக் கவனித்து வந்த ராபர்ட் சபோல்ஸ்கி, படிநிலை உறுதியாக இருக்கும் கூட்டத்தில் கீழ்நிலை ஆண்களுக்கே கார்டிசால் அதிகம் என்று கண்டார். மேலே வாங்கிய அடியைத் தனக்குக் கீழே உள்ளதன் மேல் உடனே இறக்கிவிடும் ஆண்களுக்கு அது குறைவு. (ஆபீஸில் திட்டு வாங்கி வந்து வீட்டில் கத்துகிறவர்களின் உடல்நலக் குறிப்பு இதுதான் போலும்.) உச்சிக்கும் ஒரு விலை உண்டு. படிநிலை ஆட்டம் காணும்போது மேலே இருப்பவற்றுக்கும் கார்டிசால் ஏறுகிறது. கென்யாவிலேயே அம்போசெலி என்ற இடத்தில் பபூன்களிடம் செய்த இன்னொரு ஆய்வு, முதல் இடத்து ஆணைவிட இரண்டாம் இடத்து ஆண் நிம்மதியாக இருந்ததாக 2011-இல் சொன்னது.

1980-களின் நடுவில் சபோல்ஸ்கியின் கூட்டங்களில் ஒன்றுக்கு விபரீதம் நேர்ந்தது. சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டில் கொட்டிய இறைச்சியில் காசநோய்க் கிருமி. அந்தக் குப்பைக்காகப் பக்கத்துக் கூட்டத்தோடு சண்டை போட்டவை முரட்டு ஆண்கள்தான்; தின்றவையும் அவைதான், செத்தவையும் அவைதான். மிஞ்சியவை பெண்களும் சாதுவான ஆண்களும். அதன் பிறகும் அங்கே படிநிலை இருந்தது. ஆனால் பலசாலி ஆண்கள் அடிமட்டத்து ஆண்களைக் காரணமின்றிக் கடிப்பது அபூர்வமானது, கீழ்நிலை ஆண்களின் உடம்பில் அழுத்தத்தின் அறிகுறிகள் காணப்படவில்லை. 1993-க்குள் பழைய ஆண்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. வந்தவையும் இந்தக் கூட்டத்தின் வழக்கத்துக்கே மாறிவிட்டன.

வொயிட்ஹாலிலும் இதற்கு ஈடான ஒரு செய்தி உண்டு. மேலதிகாரி நியாயமாக நடக்கிறார், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார், தகவலை மறைப்பதில்லை என்று சொன்ன ஆண் ஊழியர்களுக்கு இதய நோய் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது. அவர்களுக்கு யாரும் பதவி உயர்வு கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம், தனியாருக்குப் போகப் போகிறது என்று அறிவிக்கப்பட்ட ஒரு துறையின் ஊழியர்களுக்கு, வேலையும் சம்பளமும் கையில் இருக்கும்போதே, காத்திருந்த காலத்திலேயே உடல்நலம் சரிந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, ஊழியர்களுக்கு மன அழுத்தம் என்றதும் வெள்ளிக்கிழமை மாலை யோகா வகுப்பும் மூச்சுப் பயிற்சியும் ஏற்பாடு செய்கிற நிறுவனங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. யோகாவில் தவறில்லை. ஆனால் அடுத்த வார ஷிப்ட் எது என்று ஞாயிறு இரவு வரை சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, மூச்சை இழுத்து விடச் சொல்வது என்ன வைத்தியம்?

வேலையில் பிடி இல்லாமை எவ்வளவு கீழே வரை போகும் என்பதைப் பார்க்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் போதும். காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கு, ஆள் இல்லாத நேரத்திலும் உட்கார முடியாது. அலமாரியில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார், அவர் பார்க்காவிட்டால் கேமரா பார்க்கும். பாத்ரூம் போகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்ட பெண்கள் உண்டு. தன் காலை எப்போது மடக்குவது என்பதுகூட இன்னொருவர் கையில். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு முதலில் கழிப்பறை கேட்டும், பிறகு உட்காரும் உரிமை கேட்டும் போராடியது. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது.

கடையில் வேலை பார்ப்பவர்கள் பிரிவு எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 22-ஏ. புடவை எடுக்கப் போகிறவர்கள், விற்பனைப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே விலை சொன்னால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.